ஒரே பணப்பையில் எட்டு அணிகள்

2019 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.-இன் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்த மறுவாரமே, 'அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற புதிய லீக் எட்டு அணிகளோடு களமிறங்கியது. பத்து வாரப் பருவத்தில் எட்டு வாரம் முடிந்ததும் ஆட்டங்கள் நின்றன. அதே ஏப்ரலில் திவால் மனுவும் போடப்பட்டது. எட்டு அணிகளும் லீக்கின் சொத்து. ஊருக்கென்று தனி உரிமையாளர் கிடையாது. சம்பளமும் செலவும் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த லீக்கை ஒரே அடியில் சாய்த்ததும் இந்த ஏற்பாடுதான் என்பது என் வாதம். பருவம் தொடங்கியதுமே பணத் தட்டுப்பாடு வந்தது. முதலீட்டாளர் டாம் டண்டன் 25 கோடி டாலர் தருவதாக முன்வந்தார். என்.எஃப்.எல். அணிகளின் இளம் வீரர்களை இரவலாகப் பெற அவர் விரும்பினார். என்.எஃப்.எல். வீரர் சங்கம் இசையவில்லை. சுமார் 7 கோடி டாலர் போட்டதோடு அவர் விலகிக்கொண்டார். ஒருவர் மனம் மாறியதும் எட்டு ஊர் அணிகளும் ஒரே நாளில் முடங்கின. வீரர்களின் ஒப்பந்தத்தில் மூன்றாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று எழுதியிருந்தது. அதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. எலும்பு முறியும் ஆட்டத்துக்கு ஆள் எடுப்பவர்கள், ஒரு பருவச் சம்பளத்தையாவது முதலிலேயே ஒதுக்கி வைக்காமல் தொடங்குவது அநியாயம்.

தனி உரிமையாளர்கள் இருந்தும் 1983-இல் தொடங்கிய யு.எஸ்.எஃப்.எல். என்ற கால்பந்து லீக் அழிந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 12 அணிகள் மறு ஆண்டே 18 ஆயின. உரிமையாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். அணி உரிமையாளர்களில் ஒருவரான டொனால்ட் டிரம்ப் முன்னின்று வற்புறுத்த, வசந்தகாலத்தை விட்டு என்.எஃப்.எல். ஆடும் இலையுதிர்காலத்துக்கே மாறுவதென முடிவானது. 1986-இல் என்.எஃப்.எல். மீதான ஏகபோக வழக்கில் ஜெயித்தும் கிடைத்த இழப்பீடு ஒரு டாலர். சட்டப்படி அது மும்மடங்காகி மூன்று டாலர். அங்கே குறைந்தது கட்டுப்பாடு; 2019-இல் குறைந்தது பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள். இரண்டையும் சேர்த்து வைக்க முடியும். 1996-இல் ஆடத் தொடங்கிய மேஜர் லீக் சாக்கரும் ஒற்றை நிறுவனம்தான். ஆனால் அதில் முதலீட்டாளர்கள் அணிகளை நேரடியாக நடத்தினார்கள். நஷ்டம் குவிந்த ஆண்டுகளிலும் சிலர் விலகாமல் தாங்கினார்கள்.

தொலைக்காட்சிதான் சோறு போடுகிறது, மைதானக் கூட்டம் எதற்கு என்பது இன்னொரு வாதம். 2001-இல் எக்ஸ்.எஃப்.எல். என்ற லீக்கின் முதல் இரவை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். சில வாரங்களில் அந்தக் கூட்டம் கரைந்தது, ஒரே பருவத்தோடு என்.பி.சி. தொலைக்காட்சி கைகழுவியது. நட்சத்திரங்களை நம்பியும் பயனில்லை. 2022-இல் புதிய யு.எஸ்.எஃப்.எல்.-இன் சிறந்த வீரரான கவான்டே டர்பின் அதே ஆண்டு என்.எஃப்.எல். அணியான டல்லாஸ் கவ்பாய்ஸுக்குப் போய்விட்டார். வீரருக்கு அது விடிவு, அந்த லீக்கின் உண்மையான பயனும் அதுவே; ஆனால் நல்லவர்கள் போய்க்கொண்டே இருக்கும் லீக்கிடம் நிலையாக மிஞ்சுவது ஊர் மட்டும்தான். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் எல்லாமே செலவைக் குறைக்க அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்தன. மிச்சிகன் பெயர் தாங்கிய அணிகூட அலபாமாவில்தான் ஆடியது. முதல் ஆண்டுக்கு அது விவேகம், நீடித்தால் தற்கொலை. ஊர் ஆதரவின் வலிமைக்குச் சான்று உண்டு: 2016-இல் என்.எஃப்.எல்.-இன் ராம்ஸ் அணியை இழந்த செயின்ட் லூயிஸ், 2023-இல் தன் பேட்டில்ஹாக்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு 35,000 பேருக்கு மேல் திரட்டியது. உள்ளூர் முதலீட்டாளருக்குப் பங்கு கொடுத்துப் பார்க்க வேண்டிய முதல் ஊர் அதுதான்.