"முற்றும்" என்ற சொல்லுக்குக் கீழே

மாத நாவலில் "முற்றும்" என்ற சொல்லுக்குக் கீழே பெரும்பாலும் அரைப் பக்கமாவது வெறுமையாகக் கிடக்கும். கைமாறி வந்த புத்தகமாக இருந்தால் அந்த இடத்தில் நீல மையில் ஒரு வரி இருக்கும். முன்பு படித்தவர் அடுத்துப் படிக்கப்போகிறவருக்கு எழுதியது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு சும்மா கொடுத்துவிடும் பேய்க்காதல் நாவல்களில் இப்படிப்பட்ட வரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நாவலை மறந்த பிறகும் சில வரிகள் மறக்கவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். "பேய் நல்லவள். அவன்தான் சரியில்லை."

நான்கே சொற்கள். பேய்க்கதை என்றால் பேய்தான் கெட்டது என்ற நினைப்போடு வருகிறவரை இந்த வரி வாசலிலேயே நிறுத்தி, பார்வையைக் காதலன் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆனால் அவன் என்ன செய்தான், அவள் எப்படி இறந்தாள், கடைசியில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று ஒரு துளியும் சொல்லவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டிவிட்டு, அவிழ்க்காமல் கையை எடுத்துவிட்டார். "நல்லது" என்று எழுதாமல் "நல்லவள்" என்று எழுதியிருக்கிறாரே, அந்தப் பரிவையும் பாருங்கள். செத்த பிறகும் அவள் அவருக்குப் பெண்தான்.

மற்ற நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது எளிது. குடும்பக் கதையென்றால் கணவன் மனைவி சேர்ந்துவிடுவார்கள் என்று சொன்னாலும் குடி முழுகிப்போகாது. அமானுஷ்யக் காதல் கதையில் அப்படி முடியாது. வந்தது உண்மையிலேயே ஆவியா, மனிதக் கையா என்ற கேள்வியில்தான் கதையின் உயிரே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் புத்தகம் செத்துப்போகும். சொல்லாமலே விட்டால் கருத்து சொன்னதாக ஆகாது. இந்த இடுக்கில் நின்று உண்மை பேச வேண்டும்.

இந்த இடுக்கையே தன் எழுத்துமுறையாக ஆக்கிக்கொண்டவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தவர். அவருடைய "விட்டு விடு கருப்பா" நாவல்தான் சன் டிவியில் மர்மதேசம் வரிசையில் "விடாது கருப்பு" என்று தொடராக வந்தது. ஊரில் தப்புச் செய்தவர்களைக் கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என்று நம்புகிறவர்களும், இது எவனோ மனிதன் வேலை என்று வாதாடுகிறவர்களும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். வாசகர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கடைசி வரை மரியாதையோடு நடத்தப்படுகிறார். அந்த நாவலைத் தங்கைக்குக் கொடுத்த ஓர் அக்கா கடைசியில் எழுதியிருந்தது இது: "சாமி கும்பிடுறவங்களும் படிக்கலாம், கும்பிடாதவங்களும் படிக்கலாம். ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது." இதைவிடச் சரியான மதிப்புரையை நான் பத்திரிகைகளில் பார்த்ததில்லை.

பேயும் காதலும் ஒரே கதைக்குள் வருவது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் குறிஞ்சித் திணையிலேயே வெறியாட்டு இருக்கிறது. மகள் மெலிந்து போகிறாள், ஏதோ அணங்கு பிடித்துவிட்டது என்று தாய் பயந்து வேலனை அழைக்கிறாள், வேலன் ஆடுகிறான், பிடித்திருப்பது மலைநாட்டுக்காரன் மேல் கொண்ட காதல் என்பது மகளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும். ஆவியா, ஆளா என்ற கேள்வி அன்றைக்கே கேட்கப்பட்டுவிட்டது. கல்கியின் "மோகினித் தீவு" அதே கேள்வியை யுத்த காலத்துக்குக் கொண்டுவருகிறது. பர்மாவை விட்டுக் கப்பலில் வரும் ஒருவன் ஆளில்லாத தீவில் ஓர் இரவு இறங்க, நிலா வெளிச்சத்தில் ஒரு தம்பதி சோழ இளவரசன், பாண்டிய இளவரசி காதலைக் கதையாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யார் என்ற சந்தேகம்தான் அந்தக் குறுநாவலின் சுவை. பிறகு, 1969இல் அகிலனின் நாவலோடு தொடங்கிய ராணி முத்து போன்ற மாத வெளியீடுகள் நாவலை பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை வரை கொண்டுபோயின. பேய்க்கதை மன்னன் என்று பெயர் வாங்கிய பி.டி. சாமியின் புத்தகங்கள் அந்தக் கடைகளில்தான் தொங்கின.

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் ஒரு நாவலை அடுத்தவர் கையில் கொடுப்பதற்குக் கூடுதல் அர்த்தம் ஒன்று உண்டு. கொடுக்காமல் விட்டால் அது பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கே எடைக்கு எடை. பட்டாசுக் குழாயைப் பழைய பேப்பரும் சேர்த்துச் சுருட்டுவது இங்கு நெடுநாள் வழக்கம். தீபாவளி விடிந்ததும் வாசலில் குனிந்து பாருங்கள். சரவெடி வெடித்துச் சிதறிய துண்டுகளில் செய்தித்தாளும் பள்ளிக்கூட நோட்டும் எழுத்தெழுத்தாகக் கிடக்கும். ஒரு துண்டில் பாதிப் பெயர், இன்னொன்றில் கூட்டல் கணக்கு. அந்தக் குவியலில் ஒரு நாவலின் பக்கம் கிடந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. காகிதத்தால் பிழைக்கிற ஊர் இது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இன்னொருவர் படிக்கக்கூடிய கதை குழாயாகப் போவதற்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்குப் போய்வரட்டுமே என்று தோன்றும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும். அந்த ஓய்வு நாட்களில்தான் புத்தகங்கள் அதிகமாகக் கைமாறும். கொடுப்பவர் எழுதத் தெரியாத கூச்சக்காரராக இருந்தால் வாயால் சொல்வார். தெருக்குழாயடியில் நான் கேட்ட பேச்சு:

"மதினி, இதுல பேய் வருமா?"

"வரும். ஆனா பயப்படாத, அது அழுறதுக்குத்தான் வருது."

"அவன் அதைக் கட்டிக்கிறானா?"

"அதைச் சொன்னா நீ படிக்க மாட்ட. கொண்டுபோய்ப் படி. பிடிக்கலைன்னா வந்து என்னைத் திட்டு."

மதினி வாங்கிய காசு எதுவும் இல்லை. புத்தகம் போகட்டும் என்றுதான் கொடுக்கிறார். விற்கிறவர் தன் சரக்கைக் குறை சொல்ல மாட்டார். பின்னட்டையில் பாராட்டு எழுதுகிறவர் எழுத்தாளருக்கு வேண்டியவராக இருப்பார். சும்மா கொடுக்கிறவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அதோடு, நாளைக் காலையில் அதே குழாயடியில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். கருத்து நேர்மையாக இருப்பதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சிவகாசி வாசகரிடம் வேறு ஊர் வாசகரிடம் இல்லாத ஒரு கண் உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதற்காகவே இங்கே அச்சுத் தொழில் வளர்ந்தது. அதனால் வீட்டுக்கு ஒருவராவது பிரஸ்ஸில் வேலை பார்த்திருப்பார். அவர் கையில் நாவலைக் கொடுத்தால் முதலில் அட்டையைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் முகம் முகமாக இருக்கும். ஒரு கலர் மயிரிழை விலகினாலும் உதட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு உதடு எட்டிப்பார்க்கும். நான் வைத்திருக்கும் ஒரு பழைய நாவலின் அட்டையில், வெள்ளைச் சேலைப் பெண்ணுக்கு அப்படித்தான் சிவப்பு இடப்பக்கம் விலகி, முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் இருப்பதுபோல ஆகிவிட்டது. ஓவியர் நினைத்துக்கூடப் பார்க்காத பயம் அது. கடைசிப் பக்கத்தில் ஒரு பிரஸ்காரர் எழுதியிருக்கிறார்: "அட்டையில் சிவப்பு விலகியிருக்கு. கதை விலகவில்லை." தன் தொழில்மொழியிலேயே கதைக்கட்டுக்கு ஒரு சான்றிதழ். காதல் ஒரு பக்கமும் பேய் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகாமல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றன என்கிறார். அந்த நாவலுக்கு அது முழுக்க உண்மை.

பேயும் காதலும் கலந்த கதையை இந்த ஊர்ப் பதிப்பகமும் கொடுத்திருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்துதான் தொடங்கின. இத்தாலியப் பேய் துப்பறிவாளன் டைலன் டாக், சந்திக்கிற பெண்களிடமெல்லாம் மனதைப் பறிகொடுக்கிறவன், தமிழ் பேசியது இவர்கள் வெளியீட்டில்தான். கல்லூரிப் பெண்கள் கையில் 2005இல் வந்த ட்வைலைட் என்ற ஆங்கில நாவலும் சுற்றுகிறது. கறுப்பு அட்டையில் இரு கைகள் ஏந்திய சிவப்பு ஆப்பிள். அதன் உள்ளட்டையில் ஒரு மாணவி: "முதல் பாதி மழை மட்டும்தான். பிடித்தால் பிடிக்கும்." வெயிலும் காய்ந்த காற்றும் இருந்தால்தான் பட்டாசு காயும் என்கிற ஊர்க்காரி, சூரியனே தெரியாத ஊர்க் கதைக்குச் சொன்ன அபிப்பிராயம். கதை நடக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் மழையை அவள் குறையாகவும் சொல்லவில்லை, நிறையாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லி, முடிவைப் படிக்கிறவரிடம் விட்டுவிட்டாள்.

இன்னொரு நயம், ஒருவர் எழுதிய வரிக்குக் கீழே இன்னொருவர் எழுதும் மறுப்பு. "பயம் குறைவு, அழுகை அதிகம். ராத்திரி தனியாகப் படிக்கலாம்" என்று வட்ட வட்டமான எழுத்தில் ஒன்று. அதற்கடியில், சாய்ந்த கையெழுத்தில், "படித்தேன். படிக்க முடியவில்லை. லைட் போட்டுத் தூங்கினேன்." இரண்டும் பொய்யில்லை. முதலாமவர் பேய் உலவுவதாகச் சொல்லும் பாழுங்கிணறு எதுவும் இல்லாத தெருவில் வளர்ந்தவராக இருக்கலாம். ஒரே புத்தகம் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக ஆடியிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவதாகப் படிக்கிற நான் இரண்டுக்கும் தயாராக உட்கார்ந்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று 1931இல் எஸ்.ஆர். ரங்கநாதன் தம் ஐந்து விதிகளில் ஒன்றாக எழுதினார். சீர்காழிக்காரர் வகுத்த அந்த விதியைப் பெயர் தெரியாமலே இந்தக் கையெழுத்துகள் நடத்திவருகின்றன.

புத்தகத்தில் எழுதுவது கெட்ட பழக்கம் என்பவர்கள் உண்டு. நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாதுதான்; அது எல்லோருக்கும் பொது. சொந்தப் புத்தகத்திலும் எழுத மனம் வராதவர்களுக்கு இங்கே நல்ல வழி இருக்கிறது. காலண்டர் கட்டிங்கில் மிஞ்சும் நீளத் துண்டுகள். முன்பக்கம் பளபளப்பு, ஓரத்தில் நான்கு கலரும் சின்னச் சின்னக் கட்டமாக அச்சாகியிருக்கும், பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவிடலாம். பக்க அடையாளத்துக்கும் ஆகும்.

ஆகாத வரிகளும் உண்டு. "சூப்பர்" என்பதும் "மொக்கை" என்பதும் ஒன்றும் சொல்வதில்லை. "கடைசியில் அவள்தான் ஆவி" என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்த ஒருவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எத்தனை பக்கம் பொறுக்க வேண்டும், எந்த இடத்தில் நெஞ்சு அடித்தது, காதல் நம்பும்படி இருந்ததா, குழந்தைகள் கையில் கிடைத்தால் பரவாயில்லையா: இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதலாம். ஒருவருக்கு ஆகாத பேய் இன்னொருவருக்கு ஆகும்.

இந்தத் தீபாவளிக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது பரணில் நாவல் கட்டு கிடைத்தால், பேப்பர் கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன் ஒரு பேனாவை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி, மனதில் பட்டது பட்டபடி. பிறகு எதிர்வீட்டில் கொடுத்துவிடுங்கள்; திருப்பிக் கேட்காதீர்கள்.