நாலு கோமாளிகளும் ஐந்தாவது தமிழும்

மரிக்கார் ராமதாஸின் பெயர் எடுக்கப்படும் இடத்திலெல்லாம், ‘கோமாளிகள்’ இலங்கைத் தமிழ் முழுவதையும் ஒரே மேடையில் கூட்டிவைத்தது என்ற பாராட்டும் கூடவே வருகிறது. ராமதாஸின் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. வானொலியில் பிறந்து 1976இல் திரைக்கு வந்த அந்த நகைச்சுவையில் அவர் முஸ்லிம் மரிக்கார். ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்கள உபாலி. முஸ்லிமான அப்துல் ஹமீத், ஐயராக வந்தார். ஒரு சமூகத்தவர் இன்னொரு சமூகத்தின் நாவைப் பகையில்லாமல் எடுத்துப் பேசியது பெரிய காரியம்தான். ஆனால் ‘முழுவதும்’ என்ற சொல்லை ஏற்க முடியாது.

1971 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 9 சதவீதத்துக்கு மேல், முஸ்லிம்களைவிடக் கூடுதல். அவர்களில் பெரும்பாலோர் மலையகத் தோட்டத்து மக்கள். அந்த நாலு குரல்களில் அவர்களுடைய தமிழ் இல்லை. இந்தியத் தமிழுக்கென்று வைத்த ஒரே இடத்திலும் அக்கிரகாரப் பேச்சுதான் உட்கார்ந்திருந்தது. லயத்துப் பேச்சு வாசலுக்கே வரவில்லை. இது தற்செயல் என்பார்கள். தற்செயலாகவே இருக்கட்டும், காலத்தைப் பார்க்க வேண்டும். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டு, அட்டனிலும் நுவரெலியாவிலும் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிய வருடங்கள் அவை. ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் ஊரின் சிரிப்பிலும் இல்லாமல் போனார்கள்.

கேலிக்கு ஆளாகாமல் தப்பியது நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இந்த வகை நகைச்சுவையில் கேலியே அங்கீகாரம். அப்புக்குட்டியின் ‘ஓம்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தவர் யாழ்ப்பாணத்தானையும் இந்நாட்டவனாக ஏற்றுக்கொண்டே சிரித்தார். 1975இல் வி.பி. கணேசனின் ‘புதிய காற்று’ வந்ததே என்பது இன்னொரு பதில். அது மலையகத்தின் துயரத்தையும் போராட்டத்தையும் திரைக்குக் கொண்டுவந்தது. சிரிப்பைக் கொண்டுவரும் பொறுப்பு அதற்கு இல்லை. தோட்டத்தில் சிரிப்புக்கு என்ன பஞ்சம்? காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போடும் கணக்கப்பிள்ளை, நாள் முழுக்க நனைந்து பறித்த கொழுந்தில் தண்ணீருக்கென்று கிலோ வெட்டும் தராசு, முழு வேலைக்கும் அரைநாள் கூலியாக விழும் அரைப்பேர் என எத்தனையோ இருந்தன. அவற்றிலிருந்து சிரிப்பை எடுக்க உச்சரிப்பு மட்டும் போதாது, வாழ்க்கை தெரிய வேண்டும். ராமதாஸின் பாணி நாக்கோடு நின்றுவிட்டது. அதன் அடிப்படைக் குறை அதுதான்.

ராமதாஸ் 2016இல் மறைந்தார். அவரைக் கொண்டாடுங்கள், தகுதியான கலைஞர். ஆனால் இலங்கைத் தமிழ் முழுவதையும் பேசியவர் என்று எழுதும் முன், கொழுந்துக் கூடையோடு மலையேறும் அந்த ஐந்தாவது தமிழையும் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.