மறுமொழி எழுதிய வாசகர்கள்

1993 ஜனவரியில் ‘அவுட்சைட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை ஒரு கட்டுரையை வெளியிட்டது. அதுவரை அந்தப் பத்திரிகையில் வேறெந்தக் கட்டுரைக்கும் வராத அளவுக்கு அதற்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர் ஜான் கிராக்கவர். அலாஸ்காக் காட்டில், யாரோ விட்டுச்சென்ற பழைய பேருந்து ஒன்றுக்குள் பட்டினியால் இறந்துபோன கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் என்ற 24 வயது இளைஞனைப் பற்றிய கட்டுரை அது. 1990-ல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன். சேமிப்பிலிருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்பாம் அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் கிளம்பியவன். 1992 ஏப்ரல் கடைசியில் சிறு துப்பாக்கி ஒன்று, நாலரை கிலோ அரிசி, சில புத்தகங்கள் ஆகியவற்றோடு காட்டுக்குள் நடந்தான். ஆகஸ்டில் இறந்தான். செப்டம்பரில் வேட்டைக்கு வந்தவர்கள் கண்டெடுத்தபோது உடலின் எடை 30 கிலோதான் இருந்தது.

அலாஸ்காவிலிருந்து வந்த கடிதங்களில் இரக்கத்தைவிடக் கோபமே அதிகம். வரைபடம்கூட இல்லாமல் வந்திருக்கிறான். திரும்பும்போது டெக்லனிக்கா ஆற்றில் வெள்ளம் வழிமறித்தது, ஆனால் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆற்றைக் கடக்கக் கம்பிவடமும் தொட்டியும் இருந்தன, அது அவனுக்குத் தெரியவில்லை என்று அடுக்கினார்கள். இவை நியாயமான குற்றச்சாட்டுகள்தாம். இன்னொன்று, அவன் மூஸ் மானைச் சுட்டதாகக் குறிப்பு எழுதிவைத்தது. சுட்டது கரிபூ மான், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். கிராக்கவரும் முதல் கட்டுரையில் வேட்டைக்காரர்கள் சொன்னதை நம்பிக் கரிபூ என்றே எழுதியிருந்தார். பின்னால் மிச்சமிருந்த எலும்புகளையும் அவன் எடுத்துவைத்திருந்த புகைப்படங்களையும் ஆராய்ந்தபோது அது மூஸ்தான் என்று தெரிந்தது. 1996-ல் ‘இன்டூ த வைல்ட்’ நூலாக வந்தபோது அந்தத் திருத்தமும் உள்ளே இருந்தது, அவனை ஏசிய கடிதங்களும் உள்ளே இருந்தன. தன் நாயகனைத் தூற்றியவர்களுக்குத் தன் நூலிலேயே இடம் கொடுத்த அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நாவலை வாசகர் பிடித்திருக்கிறது என்பார், பிடிக்கவில்லை என்பார். நாவல் அப்படியே நிற்கும். சாவிலிருந்து தப்பியவர்களைப் பற்றிய நூல்கள், ஒரு சமயத்தை உள்ளிருந்து திறந்துகாட்டும் நூல்கள், நடந்த கொலைகளை எழுதும் நூல்கள் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் வாசகர்களில் சிலர் சம்பவ இடத்தில் இருந்தவர்கள். சிலர் செத்தவரின் கூடப் பிறந்தவர்கள். அவர்கள் பதில் எழுதும்போது நூலே மாறுகிறது. இந்த மறுமொழிகளை நூலுக்கு வெளியே நடக்கும் சச்சரவாகப் பார்க்காமல் நூலின் ஒரு பகுதியாகவே படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

மெக்கேண்ட்லெஸ் நூலுக்கு வந்த மறுமொழிகளில் மிக ஆபத்தானது, அவனைப் பின்பற்றி நடந்தவர்களுடையது. 2007-ல் ஷான் பென் அதைப் படமாக்கியபின் பேருந்தைத் தேடிப் போகிறவர்கள் பெருகினார்கள். 2010-லும் 2019-லும் ஆற்றைக் கடக்க முயன்ற இரு இளம்பெண்கள் இறந்தார்கள். மீட்புக் குழுக்கள் அலைந்து சலித்தபின், 2020 ஜூன் 18 அன்று ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று 142 என்ற எண்ணிட்ட அந்தப் பேருந்தைத் தூக்கிக்கொண்டு போனது.

மிக உயர்ந்த மறுமொழியும் இந்த நூலுக்குத்தான் கிடைத்தது. அவன் எதனால் செத்தான்? காட்டு உருளைக்கிழங்குச் செடியின் விதைதான் தன்னை வீழ்த்தியது என்று ஜூலை கடைசியில் அவனே குறித்துவைத்திருக்கிறான். விதையில் ஆல்கலாய்டு நஞ்சு இருந்திருக்கலாம் என்று கிராக்கவர் ஊகித்தார். அலாஸ்கா பல்கலைக்கழக வேதியியலாளர் தாமஸ் கிளாசன் பரிசோதித்துப் பார்த்து அப்படி ஒன்றும் இல்லை என்றார். வெறும் பட்டினிதான், மற்றதெல்லாம் கதை என்று ஏளனம் செய்தவர்களுக்கு அது வசதியாயிற்று. பிறகு ரொனால்ட் ஹாமில்டன் என்ற வாசகர் வந்தார். பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாப்னியார்கா முகாமில் யூதக் கைதிகளுக்கு ஒருவகைப் பயற்றைத் தின்னக் கொடுத்து, கால்கள் முடங்கிப்போன வரலாற்றை அவர் படித்திருந்தார். அந்தப் பயறு நமக்குத் தெரிந்ததுதான்: துவரம்பருப்பில் கலப்படம் செய்கிறார்கள் என்று செய்தி வருமே, அந்தக் கேசரிப் பருப்பு. மத்திய இந்தியாவில் பஞ்ச காலங்களில் அதையே தின்று கால் விளங்காமல் போனவர்கள் ஏராளம். நன்றாகச் சாப்பிடுகிறவனை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்; எலும்பும் தோலுமாகக் கிடக்கும் இளைஞனைத்தான் அதிகம் முடக்கும். காட்டு உருளைக்கிழங்கு விதையிலும் அந்தப் பருப்பிலுள்ள ஓடாப் என்ற நஞ்சு இருந்தால்? ஹாமில்டன் எழுப்பிய கேள்வி இது.

கிராக்கவர் விதைகளை மிச்சிகனிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஓடாப் இருக்கிறது என்று முடிவு வந்தது. 2013-ல் ‘நியூயார்க்கர்’ வழியாக அதை அறிவித்தார். கிளாசன் மீண்டும் மறுத்தார். அந்த மறுப்புக்குப் பலன் இருந்தது. நுட்பமான கருவிகளில் மறுபடி சோதித்தபோது அது ஓடாப் அல்ல, அதே மூலக்கூறு எடை கொண்ட எல்-கனவனைன் என்ற வேறொரு நஞ்சு என்று தெரிந்தது. 2015-ல் மருத்துவ ஆய்விதழில் கட்டுரை வந்தது. கிராக்கவரோடு அதில் கையெழுத்திட்டவர்களில் ஆய்வகத்தை நிறுவிய ஸ்ரீ தானேதாரும் ஒருவர். கர்நாடகத்துப் பெல்காமில் வளர்ந்து பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானாரே, அவரேதான். பட்டினியே முதற்காரணம் என்போர் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஹாமில்டன் படித்த விதம். அவர் அந்தப் பையனைத் தெய்வமாக்கவில்லை, முட்டாள் என்று தள்ளவும் இல்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டார்.

இன்னொரு கேள்வியும் வாசகர்களை விடாமல் அரித்தது: பெற்றோரை ஏன் இப்படித் தவிக்கவிட்டான்? வீட்டுக்குள் நடந்த வன்முறையைத் தங்கை கரீன் கிராக்கவரிடம் சொல்லியிருந்தார், எழுதவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுதவில்லை. 2014-ல் ‘த வைல்ட் ட்ரூத்’ நூலில் கரீனே எழுதினார். அதைப் படித்தபின் பழைய நூலின் மௌனங்கள் வேறு அர்த்தம் தருகின்றன.

1996 மே மாத எவரெஸ்ட் புயலைப் பற்றிய கிராக்கவரின் ‘இன்டூ தின் ஏர்’ நூலுக்கு வந்த மறுமொழி இன்னும் கூர்மையானது. வழிகாட்டி அனடோலி புக்ரேவ் தன் குழுவினருக்கு முன்பாகவே இறங்கிவிட்டார், ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார் என்று கிராக்கவர் குறை சொல்லியிருந்தார். அதே இரவில் புக்ரேவ் தனியாகப் புயலுக்குள் போய் மூன்று பேரை மீட்டுவந்ததும் அதே நூலில் உண்டு. புக்ரேவ் டிவால்ட் என்பவரோடு சேர்ந்து ‘த கிளைம்ப்’ எழுதிப் பதில் சொன்னார். 1997 டிசம்பரில் அமெரிக்க ஆல்பைன் கிளப் அவருக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது. அதே மாதம் 25-ம் தேதி அன்னபூர்ணாவில் பனிச்சரிவு அவரைக் கொண்டுபோனது. கிராக்கவர் பிந்தைய பதிப்பில் நீண்ட பின்னுரை சேர்த்து டிவால்டோடு வாதாடினார். செத்தவரோடு எப்படி வாதாடுவது என்ற சங்கடம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. அந்தப் புயலில் இறந்த எட்டுப் பேரில் மூவர் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் லடாக்கியர்கள்: ஸ்மன்லா, மோருப், பல்ஜோர். மலையின் வடபுறத்தில் இறந்தவர்கள். நூலில் அவர்களுக்குக் கிடைத்தவை சில பக்கங்களே. இந்திய வாசகருக்கு அது உறுத்தவேண்டும்.

நம்பிக்கையைத் தொடும்போது வாசகர் இன்னும் நெருங்கி வருகிறார். 1972 அக்டோபர் 13 அன்று ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானத்தில் 45 பேர் இருந்தார்கள். 72 நாட்கள் கழித்து மீண்டவர்கள் 16 பேர். இறந்த நண்பர்களின் சதையைத் தின்று பிழைத்ததை, கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனத்தோடு ஒப்பிட்டு அவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் முன் பேசினார். பியர்ஸ் பால் ரீட் 1974-ல் ‘அலைவ்’ எழுதியபோது கைப்பிரதியைப் படித்த அவர்களில் சிலருக்கு ஏமாற்றம்: தங்களைத் தாங்கிநின்ற பக்தியும் நட்பும் எழுத்தில் வரவில்லை என்றார்கள். ரீட் அந்தக் குறையை நூலின் முன்பகுதியிலேயே பதிவுசெய்தார். பிறகு தப்பியவர்களில் பராடோ உள்ளிட்ட சிலர் தாங்களே எழுதினார்கள்.

கிராக்கவரின் ‘அண்டர் த பேனர் ஆஃப் ஹெவன்’ 2003-ல் வந்தது. 1984 ஜூலை 24 அன்று யூட்டாவில் 24 வயது பிரெண்டா லாஃபர்ட்டியையும் 15 மாதக் குழந்தை எரிக்காவையும், கடவுளின் கட்டளை என்று சொல்லிக் கணவனின் அண்ணன்மாரான மார்மன் அடிப்படைவாதிகள் இருவர் கொன்ற கதை. புத்தகம் கடைக்கு வருமுன்பே மார்மன் சபையின் வரலாற்றுத்துறைத் தலைவர் ரிச்சர்ட் டர்லி மறுப்பு வெளியிட்டார். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன: தகவல் பிழைகள், நம்பிக்கையையும் வன்முறையையும் சேர்த்துப் பேசியதன் வலி. முதலாவதில் சபைக்குச் சில இடங்களில் நியாயம் இருந்தது. கிராக்கவர் அடுத்த ஆண்டுப் பதிப்பில் பிழைகளைத் திருத்தி, டர்லிக்கு விரிவான பதிலும் சேர்த்தார். இரண்டாவதில் அவர் அசையவில்லை. என் குறை வேறு. இத்தனை வாதத்திலும் பேசப்பட்டவர்கள் கொலைகாரர்களும் தீர்க்கதரிசிகளுமே. இதழியல் படித்து, அந்தக் குடும்பத்தின் ஆண்களை எதிர்த்துப் பேசிய பிரெண்டாவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

குற்ற நூல்களின் முன்னோடியான ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ மறுமொழி என்ற இந்தப் பரிசோதனையில் தோற்றது. 1959-ல் கன்சாஸில் கொல்லப்பட்ட கிளட்டர் குடும்பத்தின் கதை. ஒரு சொல்லும் புனைவில்லை என்று கபோட்டி சாதித்தார். பிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் கன்சாஸுக்கே போய் விசாரித்து 1966 ஜூனில் ‘எஸ்குயர்’ இதழில் எழுதினார். செத்த சிறுமி நான்சியின் வயதான குதிரை 75 டாலருக்கு ஏலம்போனதாகக் கபோட்டி உருக்கமாக எழுதியிருந்தார். உண்மையில் அது 182 டாலருக்கு மேல் போயிருக்கிறது. சோகம் கூடுவதற்காக விலை குறைந்துவிட்டது. நூலின் கடைசிக் கல்லறைக் காட்சி முழுக்கக் கற்பனை. கபோட்டி இவற்றைப் பிந்தைய பதிப்புகளில் திருத்தவில்லை.

அதனால் இந்த நூல்களை வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராக்கவரின் நூல்களில் முதல் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பின்னுரையும் பிற்சேர்க்கையும் உள்ள பிந்தைய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘இன்டூ தின் ஏர்’ படித்தால் ‘த கிளைம்ப்’பையும் படியுங்கள். தமிழில் இவற்றை மொழிபெயர்க்க முன்வரும் பதிப்பாளர்கள், பக்கம் கூடுகிறதே என்று அந்தப் பின்பகுதிகளை வெட்டவேண்டாம்.