உடுத்தியவரும் நெய்தவரும்: பினாங்குப் பெரானாக்கான் மாளிகையின் உடைக்காட்சியை முன்வைத்து

மலேசியச் சீனரின் மரபுடைகளைக் காண விழைவோர் பெரும்பாலும் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று, ஜார்ஜ் டவுன் லெபோ கெரேஜாவில் உள்ள பினாங்குப் பெரானாக்கான் மாளிகை. ஆயிரத்திற்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஞோஞா மகளிரின் கெபாயா, சாரோங், நுண்மணிகள் தைத்த காலணி, குரோசாங் எனப்படும் மார்பணி ஆகியவை பார்வையாளரை நெடுநேரம் நிறுத்திவைப்பன. இவற்றைச் 'சீனர் உடை' எனும் ஒரே பெயருக்குள் அடக்குவது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. இவ்வினா தமிழாய்வாளரையும் நேரடியாகத் தொடுகின்றது.

முதலில் மாளிகையை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வாழ்ந்த சுங் கெங் குவீ, லாருட் ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். ஹாய் சான் குழுவின் தலைவர். பின்னர்ச் சீனக் கப்பித்தான் எனும் பதவி பெற்றவர். அவர் சீனாவிலிருந்து வந்த ஹக்காவே அன்றிப் பெரானாக்கான் அல்லர். அருங்காட்சியகம் இவ்வுண்மையை மறைக்கவில்லை. எனினும், வீட்டையும் உடையையும் ஒருசேரக் காண்பவர் மனத்தில் இரண்டும் ஒரே குடும்பத்தின் உடைமையாகவே பதிந்துவிடுகின்றன.

இனி உடைக்கு வருவோம். மெல்லிய ஐரோப்பியத் துணி. அதன் விளிம்பில் தையற்பொறியால் இட்ட பூவேலை. பொத்தான் இல்லாத முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று குரோசாங்குகள். இடையில் சாவகத்தின் வடகரையில், சிறப்பாகப் பெக்காலோங்கானில், உருவான பாத்தேக் சாரோங். கெபாயா எனும் வடிவமோ மலாய் உலகிற்குப் பொதுவானது. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் அதனைப் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாகப் பதிவு செய்தன. அவ்வாறாயின் இதில் சீனம் எங்கே உள்ளது? பீனிக்ஸ் பறவையிலும் பியோனி மலரிலும் உள்ளது. துக்கக் காலத்தில் பொன்னும் வைரமும் நீக்கி வெள்ளியும் முத்தும் அணிந்த ஒழுங்கில் உள்ளது. துணி பிறரிடமிருந்து வந்தது. அதற்குப் பொருள் தந்தவர் ஞோஞாக்கள் எனலாம்.

சாரோங்கின் 'கெப்பாலா' எனப்படும் தலைப்புப் பகுதியைத் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டும். அதில் எதிரெதிராக அமையும் கூர்முக்கோண வரிசையைத் 'தும்பால்' என்பர். சேலையின் கோபுரக்கரையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது அயலானதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அச்சுத்துணிகள் இத்தீவுகளில் நூற்றாண்டுகளாகப் பெருமதிப்புப் பெற்றிருந்தன. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை அமைத்ததன் நோக்கங்களுள், அத்துணிகளை வாங்கி நறுமணப் பொருள்களுக்குப் பண்டமாற்றாக அளிப்பதும் ஒன்று. பின்னாளில் இந்தியத் துணியின் வரத்துக் குறைந்தபோது, அதன் கோலங்கள் பலவற்றைச் சாவகப் பாத்தேக் ஏற்றுக்கொண்டது.

அவ்வூரின் பெயர் மலாய்மொழியில் இன்றும் வழங்குகின்றது. மலாய் ஆடவர் உடுத்தும் கட்டமிட்ட சாரோங்கிற்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். பெலேக்காட் என்பது பழவேற்காடே. கலிங்கம் எனும் நாட்டுப்பெயர் சங்கத்தமிழில் ஆடையைக் குறித்ததை அறிந்த நமக்கு இச்சொல்லாக்கம் வியப்பளிக்காது. ஆயினும் மலேசியாவில் தமிழர் வரலாறு பெரிதும் தோட்டத்திலிருந்தே எழுதப்படுகின்றது. துணிவணிகம் செய்த சூலியாக்கள் அதில் ஓரிரு பத்திகளோடு நின்றுவிடுகின்றனர். மலாக்காச் செட்டிகளின் மகளிர் கெபாயாவும் சாரோங்கும் உடுத்திச் சைவநெறியில் வாழ்ந்து வருவதும் வியப்புச் செய்தியாகவே சொல்லப்படுகின்றது. இது நம் ஆய்வுலகின் குறை, அருங்காட்சியகத்தின்மீது சுமத்தத்தக்கதன்று.

இன்னொரு கேள்வி வர்க்கம் பற்றியது. தீவின் மேற்குப் புறத்தில், மலைக்கு அப்பால் உள்ள பாலிக் புலாவிலும் ஹக்காக்கள் குடியேறினர். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த நிலத்தில் உழைத்தவர்கள் அவர்கள். கப்பித்தானும் அவர்களும் ஒரே மொழி பேசிய இனத்தவர். ஹக்காப் பெண்கள் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தை ஏற்காதவர்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். கருநீலப் பருத்திச் சட்டையும், அகன்ற காற்சட்டையும், விளிம்பில் துணி தொங்கும் தொப்பியும் அவர்தம் மரபுடை. அத்தகைய உடை கண்ணாடிப் பேழைக்கு எளிதில் வருவதில்லை. காரணம் வெளிப்படை: அது கிழியும்வரை உடுத்தப்பட்டது, கிழிந்தபின் ஒட்டுத்துணியாயிற்று, பின்பு கரித்துணியாயிற்று. பால்மரம் வெட்டிய தமிழ்ப்பெண் சேலைக்குமேல் அணிந்த முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அடைந்த கதியும் இதுவே. அவற்றைப் பழைய நிழற்படங்களில் தேட வேண்டியுள்ளது. நிழற்படத்தில் துணியின் நிறமும் தெரிவதில்லை.

மாணவரை அம்மாளிகைக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், வைரக் குரோசாங்கின் முன் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியைத் தும்பால் வரிசையின் முன் செலவிடலாம். வீடு திரும்பியதும் பாட்டியின் பெட்டியில் என்ன துணி எஞ்சியுள்ளது, அது எங்கு வாங்கப்பட்டது, யாரிடம் வாங்கப்பட்டது என்று கேட்டு எழுதி வரச் செய்யலாம். பாட்டிமார் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.