'மாமா' 'பாய்' ஆன கதை: வேதம், வன்முறை, சந்தேகம் குறித்துச் சில குறிப்புகள்

1

குரங்கணியில் போடிக்கு ஜீப் வருகிறவரை பேசித்தான் ஆகவேண்டும். வேறு வேலை கிடையாது. ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியாக இறங்கி வந்த அடிவாரம் இது. இன்று இறங்குவதும் ஏறுவதும் ஆட்களும் ஏலக்காயும்தான். அங்கே ஒரு டீக்கடையில் 1998 பிப்ரவரிக் கடைசியில் நடந்ததைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கோவையில் குண்டு வெடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கம்பம் பக்கத்து ராவுத்தர் ஒருவர். மலையில் ஏலக்காய் வாங்கிப் போடிக்குக் கொண்டுவருகிறவர். கடையில் பாதிப்பேர் அவரை 'மாமா' என்போம். எங்கள் பக்கத்தில் ராவுத்தர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மாமன் மச்சான் முறை சொல்லிக் கூப்பிடுவது புதிதல்ல. அன்றைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பாய், காபிரக் கண்ட எடத்துல வெட்டுன்னு ஒங்க புஸ்தகத்துல எழுதியிருக்காமே, நெசந்தானா?"

மாமா, பாய் ஆகியிருந்தார். கடை அமைதியானது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு என்னங்க தெரியும்? எங்கத்தா ஓதுனாரு, நானும் ஓதுறேன். அது அரபியில இருக்கு. அர்த்தம் ஹஜரத்தக் கேட்டாத்தான் தெரியும். நான் காயில ஈரம் இருக்கா இல்லையான்னு பாக்குறவன்." டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் அங்கே இருந்தேன். வாத்தியாரை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிட மோசம், அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அப்போது என் பையில் இருந்தவை எல்லாம் இடதுசாரிப் புத்தகங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை அந்தக் காத்திருப்பைப் பற்றியது.

2

கோவை என்றதும் பொதுப்புத்தி எதை நினைவுகொள்கிறது? 1998 பிப்ரவரி 14. அத்வானியின் தேர்தல் கூட்டம் இருந்த நாள். நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செத்தவர்களில் எவரும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். குண்டு வைத்தவர்கள் மதத்தின் பேரால்தான் வைத்தார்கள். இதில் 'ஆனால்' போட இடமில்லை. நம் முற்போக்கு நண்பர்கள் பலர் இந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த அவசரமும் ஒருவித நேர்மைக்குறைவுதான்.

சொல்லி முடித்தபின் கேட்கலாம்: அதற்கு இரண்டரை மாதம் முந்தியது எங்கே போயிற்று? 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த நாட்களில் கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் செத்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. இந்தப் பதினெட்டு, அந்த ஐம்பத்தெட்டை நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு சாவுக்கணக்கு தேதியாக நிலைத்து, இன்னொன்று தேதியே இல்லாமல் கரைந்துபோவது எப்படி என்பது விமர்சகன் கேட்டாக வேண்டிய கேள்வி.

என் பதில் இது: முதல் வன்முறை 'கலவரம்' என்று வாசிக்கப்பட்டது. கலவரத்துக்குக் காரணங்கள் உண்டு. நடைபாதைக் கடைப் போட்டி, போலீஸின் கோபம், அரசியல், வதந்தி. இரண்டாவது வன்முறை 'மதம்' என்று வாசிக்கப்பட்டது. மதத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, புத்தகம் இருக்கிறது. ஒருவர் கொலை செய்தால் சூழலைத் தேடுகிறோம், இன்னொருவர் கொலை செய்தால் வசன எண்ணைத் தேடுகிறோம். இந்த இரண்டு வாசிப்பு முறைகளுக்கு இடையே உள்ள பிளவில்தான் சந்தேகம் குடியிருக்கிறது.

3

வசன எண்ணைத் தேடுவதற்கு இந்த நாட்டில் ஒரு வரலாறே உண்டு. 1985 மார்ச்சில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் குர்ஆனின் பிரதிகளை எல்லாம் பறிமுதல் செய்யக் கோரி ஒரு மனு போடப்பட்டது. அதே மே மாதம் தள்ளுபடி ஆயிற்று. ஒரு சமயத்தின் அடிப்படை நூலுக்கு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே சாரம். 2021இல் இருபத்தாறு வசனங்களை மட்டும் நீக்கும்படி உச்சநீதிமன்றத்தில் இன்னொரு மனு. போட்டவர் உத்தரப்பிரதேச ஷியா வக்ஃப் வாரியத்தின் முன்னாள் தலைவர். ஏப்ரலில் அதுவும் தள்ளுபடி, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதத்தோடு.

இம்மாதிரி விவாதங்களில் முதலில் வருவது ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம். புனித மாதங்கள் கழிந்தபின் இணைவைப்போரோடு போர் செய்வதைப் பற்றியது. டீக்கடை வாத்தியார் கேட்டது இதைத்தான். அதற்கு முந்திய வசனம், ஒப்பந்தத்தை மீறாதவர்களோடு செய்த ஒப்பந்தத்தைக் காக்கச் சொல்கிறது. அடுத்த வசனம், அதே இணைவைப்போரில் ஒருவன் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்விடச் சொல்கிறது. ஆக நான்கும் ஆறும் விடுபட்டு ஐந்து மட்டும் ஊர் சுற்றுகிறது.

'ஆகவே இஸ்லாம் அமைதி மார்க்கம்' என்று இங்கே முடிப்பது எளிது. நான் அப்படி முடிக்கவில்லை. ஐந்தும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. குற்றஞ்சாட்டுகிறவரும் தற்காக்கிறவரும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகிறார்கள்: புத்தகம் பேசும், மனிதர்கள் கீழ்ப்படிவார்கள் என்பது. ஒருவருக்கு அது கத்தியைப் பேசுகிறது, மற்றவருக்குச் சாந்தியைப் பேசுகிறது. இரண்டிலும் அந்த ராவுத்தர் ஒரு பொம்மை. நம் காலத்தின் அடிப்படைவாதியும் இதைத்தான் சொல்கிறான். அவனுக்கும் தர்கா வேண்டாம், கந்தூரி வேண்டாம், பீர்முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தானும் வேண்டாம். வரலாற்றையும் ஊரையும் உரித்துவிட்டு மிஞ்சும் வெறும் பிரதி போதும். வாத்தியாரும் அடிப்படைவாதியும் ஒரே மாதிரி வாசகர்கள் என்பதை இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வசன எண் சொல்லத் தெரிந்தவர் சந்தேகப்பட்டவர்தான். சந்தேகிக்கப்பட்டவருக்கு ஓதத் தெரியும், ஒலி தெரியும், அத்தாவின் குரல் தெரியும். அவருக்குப் புத்தகம் என்பது தகவல் அல்ல, பழக்கம். பிரதி எழுத்தில் இல்லை, வாசிப்பில்தான் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம், இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் அந்தக் கோட்பாட்டைச் செலுத்த மறந்துபோனோம்.

4

சரி, நம் புத்தகங்கள்? பெரியபுராணத்தில் எறிபத்த நாயனார் மழுவோடு வருகிறார், யானையையும் பாகர்களையும் வெட்டிச் சாய்க்கிறார். சிவனுக்கு வைத்த நெல்லைப் பஞ்சத்தில் தின்றதற்காகக் கோட்புலியார் தம் சுற்றத்தையே கொல்கிறார், பால்குடிக் குழந்தை உட்பட. பூவை மோந்த பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணையார் அறுக்கிறார். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை இருக்கவே இருக்கிறது. நடந்ததா இல்லையா என்பது வேறு விவாதம், அது பக்தியோடு சொல்லப்பட்ட கதை என்பதே இங்கே பொருட்டு. தேனி மாவட்டத்தில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிற ஒரு சைவரிடம் "எறிபத்தரைப் பற்றி உங்கள் கருத்தென்ன?" என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிக்கும் உரிமைதான் பெரும்பான்மையாக இருப்பதன் பொருள்.

கீதையை எடுத்துக்கொள்வோம். காந்தி அதிலிருந்து அகிம்சையை எடுத்தார். அவரைச் சுட்ட கோட்சே 1949 நவம்பரில் தூக்குமேடைக்கு ஏறும்போது கையில் கீதை இருந்தது. ஒரே புத்தகம். எந்த நீதிமன்றத்திலும் கீதையின் வசனங்களைக் கோட்சேயின் பேரால் நீக்கச் சொல்லி மனு வரவில்லை. வரவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கே வருகிறேன். 1989இல் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தேவர்களுக்கும் பள்ளர்களுக்கும் மோதல் மூண்டு பலர் செத்தார்கள், குடிசைகள் எரிந்தன. அப்போது நாங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தோம். அன்றைக்கு எந்த வாத்தியாரும் எவரிடமும் "ஒங்க புஸ்தகத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்கவில்லை. "பயலுக கொதிச்சுட்டாய்ங்க" என்றார்கள், "ஆத்திரம்" என்றார்கள். ஆத்திரத்துக்கு வசன எண் கிடையாது, அது மறக்கவும் வசதியானது.

கடல் தாண்டியும் இதே கதை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எந்தத் தமிழ்ப் பிரதி இதற்குக் காரணம் என்று உலகம் கேட்டதா? திருக்குறளைச் சோதனை போட்டதா? 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பின் அதே காத்தான்குடி உலகச் செய்தியாயிற்று, குண்டுவைத்த குழுவின் தலைவன் அந்த ஊர்க்காரன் என்பதால். அப்போது மட்டும் புத்தகம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வேறு ஊர்களில் குண்டுக்குச் சம்பந்தமில்லாத முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.

2020ஐ மறந்துவிட முடியாது. தில்லி தப்லீக் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களின் எண்ணிக்கை மாலைதோறும் தனியாக அறிவிக்கப்பட்டது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டார்கள். வெளிநாட்டு தப்லீக்காரர்கள் மீதான வழக்குகளை ரத்துசெய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொன்னது அந்த ஆகஸ்டில்தான். வைரஸுக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் ஆளை முதலில் தேர்ந்துகொள்கிறது. புத்தகமோ கிருமியோ, சாட்சியம் பிறகு வருகிறது.

5

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒரு தலித் நண்பர் கேட்டார்: "புத்தகத்துக்குப் பொறுப்பே இல்லைங்கிறீங்களா? அப்ப அம்பேத்கர் எதுக்கு மனுஸ்மிருதிய எரிச்சாரு?" நியாயமான கேள்வி. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அது எரிக்கப்பட்டது. சாஸ்திரங்களின் புனிதம் மீதான நம்பிக்கை அழியாமல் சாதி அழியாது என்பது 1936இல் அவர் முன்வைத்த வாதம். பெரியாரும் புராணங்களை விட்டுவைக்கவில்லை. வேதப் பிரதிகளை விமர்சிக்கக் கூடாதென்றால் நம் விமர்சன மரபே இல்லை.

நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: அம்பேத்கர் தம்மைக் கட்டியிருந்த பிரதியை எரித்தார். அதன் பின்னால் குளத்தை அடைத்த ஊர் இருந்தது, கோயிலை அடைத்த பூசாரி இருந்தார். அந்தப் பிரதியின் கீழ் வாழ்ந்தவர், அதிகாரத்தை நோக்கி விடுத்த கேள்வி அது. ஏதோ ஒரு அப்பாவியைப் பிடித்து, மனுவுக்கு நீ பதில் சொல்லு, சொன்னால்தான் வீடு தருவேன் என்று அவர் கேட்கவில்லை. டீக்கடைக் கேள்வி அதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. அது பலம் உள்ளவர் பலம் இல்லாதவரிடம் கேட்பது. முன்னது விமர்சனம், பின்னது குற்றப்பத்திரிகை. இரண்டுக்கும் சொற்கள் ஒன்றாகவே இருக்கலாம்.

எனவேதான் விமர்சிக்கும் உரிமை முதலில் அந்தப் பிரதிக்குள் வாழ்கிறவர்களுக்கு வேண்டும். அதற்கு என்ன விலை என்பதையும் கோவையே காட்டிற்று. திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்பைப் பேசியவர், 2017 மார்ச் 16 இரவு உக்கடம் பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் முஸ்லிம்கள். அந்தக் கொலையைச் சொல்லத் தயங்குகிற மதச்சார்பின்மை எதற்கும் உதவாது. அதே சமயம், வெளியே சந்தேகம் இறுக இறுக உள்ளே வேலி உயர்கிறது என்பதும் உண்மை. ஊரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது உள்ளிருந்து கேள்வி கேட்கிறவன் துரோகியாகத் தெரிகிறான். வாத்தியாரின் கேள்வி ஃபாரூக்கைக் கொல்லவில்லை. ஆனால் ஃபாரூக் போன்றவர்கள் நிற்கும் இடத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தது.

சந்தேகம் நீதிமன்றம்வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று மட்டும். 2002 அக்ஷர்தாம் தாக்குதல் வழக்கில் ஆறுபேரை உச்சநீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுவித்தது. அவர்களில் மூவர் தூக்குத்தண்டனை பெற்றவர்கள். பத்தாண்டுக்கும் மேல் போன சிறைக்காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

6

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீப்பிடித்து, மலையேற்றம் வந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். விசாரணைக்கு அதிகாரி நியமிக்கப்பட்டார். யார் அனுமதித்தது, எந்தப் பாதை, காய்ந்த புல், காற்று என்றெல்லாம் பேசினார்கள். காட்டுத் தீக்குக் கூட இத்தனை காரணம் தேட நமக்குப் பொறுமை இருக்கிறது.

அந்தத் தீக்குப் பிறகு ஒருமுறை கம்பத்தில் மாமாவைப் பார்க்கப் போனேன். நான் மறுபடியும் 'மாமா' என்றுதான் கூப்பிட்டேன், கொஞ்சம் கூச்சத்தோடு. வயதாகிவிட்டது, வியாபாரத்தை மகன் பார்க்கிறான். அன்றைக்குச் சும்மா இருந்ததற்கு வருத்தம் சொன்னேன். "கேட்டது யாருன்னுகூட மறந்துபோச்சு மாப்ள. நீங்க எல்லாரும் என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்ல, அதத்தான் மறக்க முடியல" என்றார். பிறகு ஏலக்காய் விலை பற்றிப் பேசினோம்.

அவருடைய புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும், படித்துவிட்டேன். அதனால் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அன்றைக்கு அந்தக் கடையின் அமைதியில் இருந்தது. அதை இன்னும் யாரும் வாசிக்கவில்லை.