மொழிபெயர்ப்பில் வாழும் மறை

உலகப் பெருஞ்சமயங்களின் மறைநூல்களுள் கிறித்தவ மறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வடமொழி வேதத்திற்கு ஒலியே உயிர். ஓரெழுத்துப் பிறழினும் ஓதுதல் பழுதுறும் என்பர். இசுலாமியர்க்குத் திருக்குர்ஆன் அரபு மொழியில் இருக்கும்போதே குர்ஆன். பிற மொழிகளில் வருவன அதன் பொருள்விளக்கங்கள். கிறித்தவ மறையின் நிலை வேறு. இயேசு பெருமான் பேசியது அரமாய மொழி. தம் கைப்பட அவர் ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை. அவருரைகளைத் தாங்கிய நற்செய்தி நூல்கள் நான்கும் நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்கத்தில். அவர்தம் வாய்மொழி ஏட்டில் ஏறும்போதே மொழிபெயர்ந்து ஏறிற்று எனலாம். ஆதலால் தமிழ் வேதாகமத்தின் மொழிநடையை ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. மறை என்பது யாது என்னும் வினாவே அதனுள் அடங்கியுள்ளது.

நாம் பணிபுரிவது போன்ற நடுவணரசு அலுவலகங்களில் சுற்றறிக்கைகள் இருமொழியில் வருவதுண்டு. ஐயம் எழின் மூலப்படியே செல்லும் என்பது அங்கே பொது வழக்கம். மொழிபெயர்ப்பு ஒரு வசதி, அதிகாரம் மூலத்திற்கே. தமிழ்த் திருச்சபை ஒன்றில் ஞாயிறு காலையில் மறை வாசிக்கப்படுங்கால், ஐயம் தீர்த்தற்பொருட்டுக் கிரேக்க ஏட்டைப் புரட்டுவார் எவருமிலர். கேட்டிருக்கும் முதியவர்க்கு அத்தமிழே இறைமொழி. மொழிபெயர்ப்பாளன் இத்துணைப் பெரும்பொறுப்பை ஏற்கும் துறை வேறொன்று உண்டோ?

தமிழ்நாட்டில் இப்பொறுப்பை முதற்கண் முழுமையாக ஏற்றவர் சீகன்பால்கு. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். 1714-இல் அச்சு தொடங்கி 1715-இல் நூல் வெளிவந்தது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. தமிழில் அச்சு அதற்கு முன்பே இருந்தது. 1578-இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார், 1586-இல் 'அடியார் வரலாறு' வந்தது. முன்னது மறைக்கல்வி நூல், பின்னது புனிதர் சரிதை. நூற்று முப்பத்தேழு ஆண்டு இடைவெளியில் வேதாகமம் அச்சேறாதது தற்செயலன்று. திருச்சபையின் போதனை வழியாகவே மறை மக்களை அடையவேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. ஒவ்வோர் அடியவரும் தாமே படித்துணரவேண்டும் என்பது லுத்தர் வழிவந்தோர் கொள்கை. கொள்கை வேறுபட்டமையால் தமிழும் வேறுபட்டது.

இவ்வேறுபாட்டைக் காண வீரமாமுனிவரை நோக்குக. 1726-இல் தேம்பாவணியை 3615 பாடல்களில் இயற்றிய அப்பெரியார், விவிலியத்தை மொழிபெயர்க்கவில்லை. அதன் கதையைத் தமிழ்க் காப்பிய மரபில் கரைத்துப் புதிதாகப் படைத்தார். 1728-இல் எழுதிய 'வேத விளக்க'த்தில் தரங்கம்பாடியாரின் தமிழை எள்ளி நகையாடினார். புலமையளவில் அவர் கண்டனம் பெரிதும் பொருந்தும். சீகன்பால்கின் நடை கரடுமுரடானதே. ஆயின் அந்நடை கடற்கரை மக்களின் செவியை நோக்கி எழுந்தது. காப்பியத்தைக் கற்றோர் சுவைப்பர். வலை பின்னுவோர்க்கு அது எட்டாது. முனிவர் இதனைப் பொருட்படுத்தாமை அவர்தம் திறனாய்வின் குறை என்றே நாம் கருதுகிறோம்.

பின்வந்த பப்ரிசியுசு தம் வாழ்நாளையே இப்பணியில் செலவிட்டார். அவரது புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாடு, 1791-இல் அவர் மறைந்த பின்னரே, 1796-இல் நிறைவெய்தியது. பொன் மொழிபெயர்ப்பு என்று அதனைப் போற்றினர். அடுத்து இரேனியுசு தெளிந்த உரைநடையில் திருத்தம் செய்ய முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாத்திரியார் கடுமையாக எதிர்த்தெழுதினார். அயல்நாட்டார் கொணர்ந்த நூல், இரண்டு தலைமுறைக்குள் தமிழ்க் கிறித்தவர்தம் சொந்த மறையாகிவிட்டது! அதன்மேல் கைவைக்க அயல்நாட்டார்க்கே உரிமையில்லை என்னும் அளவுக்கு அவ்வுரிமை வேரூன்றிவிட்டது.

இவ்வரலாற்றில் மிக வியப்பானவர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்துப் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அந்நூல் 1850-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சபைகள் அதனைக் கைக்கொள்ளவில்லை. வேதாகமத்தை வரிவரியாகக் கற்ற நாவலர், 1854-இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகார'த்தில் அக்கல்வியைப் படைக்கலமாக்கினார். கோயில், விளக்கு, நறும்புகை, காணிக்கை ஆகியவற்றைப் பாதிரிமார் பழிக்கின்றனரே, இவையெல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டில் இறைவனே விதித்தவை அல்லவோ என்பது அவர் வாதத்தின் சாரம். கிறித்தவர் தரும் விடை, பழைய விதிகள் இயேசுவினிடத்து நிறைவுற்றன என்பது. விடை சரியா தவறா என்பது ஈண்டு நம் வேலையன்று. அதனால் ஓர் உண்மை புலனாகிறது. கிறித்தவர் தம் மறையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நிறையில் வைத்துப் படிப்பதில்லை. இயேசு என்னும் ஒருவரை நடுவில் நிறுத்தி, அவர் வழியாக மற்றவற்றைப் படிக்கின்றனர். யோவான் எழுதிய நற்செய்தி, இறைவனின் சொல் என்று தொடக்கத்திலேயே சுட்டுவது ஓர் ஏட்டை அன்று, ஓர் ஆளை. நூல் அவருக்குச் சான்று. நாவலர் சைவ ஆகமத்தைப் படிக்கும் முறையிலேயே இதனையும் படித்தார். விதி எங்கிருப்பினும் விதியே என்றார். இரு மறைக்கொள்கைகள் நேர்நின்று மோதிய இடம் தமிழிலக்கியத்தில் இதனினும் தெளிவாக வேறில்லை.

மொழிபெயர்ப்பாளர்தம் இடர்ப்பாடு கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. சீகன்பால்கு, கத்தோலிக்கரைப் பின்பற்றிச் 'சர்வேசுரன்' என்றார். பப்ரிசியுசு 'பராபரன்' என்றார். பவர் தலைமையில் 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. நூலின் பெயரும் அவ்வாறே மாறிற்று: பரிசுத்த வேதாகமம் திருவிவிலியம் ஆயிற்று. நம் கன்னட அன்பர்கள் இன்றும் 'சத்தியவேத' என்றே வழங்குவர்.

இப்பெங்களூருக்கும் இக்கதையில் பங்குண்டு. 1910-இல் இங்குத் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராயிருந்த இலார்சன் என்னும் தேனியர், ஐக்கிய மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியை மேற்கொண்டார். மோனகன் அதனைத் தொடர்ந்தார். அத்திருத்தமும் மக்கள் நாவில் ஏறவில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் பொது மொழிபெயர்ப்பு ஒலிக்க, சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் இன்றளவும் 1871-இன் நடையையே விடாது பற்றி நிற்கின்றன.

தனித்தமிழ் அன்பர்கள் இதனைப் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிடுகின்றனர். நாமோ அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூறத் துணியோம். சுவிசேஷம், இரட்சிப்பு, கிருபை, தீர்க்கதரிசி என்பன, நற்செய்தி, மீட்பு, அருள், இறைவாக்கினர் என மாறியபோது தமிழ் தெளிந்தது, ஐயமில்லை. பவுலடியாரின் மடல்களைப் பொது மொழிபெயர்ப்பில் படிக்கும்போதுதான் அவர் ஒரு வாதத்தை நிறுவிச் செல்கிறார் என்பதே நமக்குப் புரிந்தது. பாடல்களிலோ நிலைமை தலைகீழ். சங்கீதங்கள் துக்க வீட்டிலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் மனப்பாடமாக வருவன. மனப்பாடத்தின் இடையே ஒரு சொல்லை மாற்றின் ஓதுவார் நா தடுக்கி நின்றுவிடும். திருவாசகத்தை எளிய தமிழில் மாற்றித் தந்தால் நாம் கோயிலில் பாடுவோமா? இருப்பினும், பொருள் விளங்காத பழஞ்சொல் ஒலியளவில் மட்டும் நிலைக்குமாயின், அச்சபை தம் மறையை மந்திரமாக்கிவிடுகிறது. சீகன்பால்கு உழைத்தது அதற்காகவன்று.

பொது மொழிபெயர்ப்பின் பெருஞ்சிறப்பு சொற்களினும் வினைமுற்றுகளில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கிரேக்க வினைக்கு உயர்வு தாழ்வு இல்லை; தமிழ் வினையோ ஆளுக்கேற்ப மதிப்பை அளந்தே பேசும். கிணற்றங்கரையில் இயேசுவோடு உரையாடிய சமாரியப் பெண்ணுக்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு 'என்றாள்' என்று வினை தந்தது. பொது மொழிபெயர்ப்பு 'கேட்டார்' என்கிறது. இயேசு அவளை விளித்ததும் 'ஸ்திரீயே' என்பதினின்று 'அம்மா' என்றாயிற்று. முன்பின் அறியாத பெண்ணைத் தமிழர் அம்மா என்பது பண்பு. ஆதலின் கிணற்றங்கரையில் இச்சொல் மிகப் பொருந்துகிறது. கானாவூர் மணவீட்டில் அவர் தம்மை ஈன்ற தாயையும் கிரேக்கத்தில் அதே சொல்லால், பெண்ணே என்னும் பொருள்பட, விளிக்கிறார். அங்கும் 'அம்மா' என்றே பெயர்த்தமையால், மகன் தாயிடம் சற்று விலகி நின்று பேசும் அந்த அதிர்ச்சி தமிழில் மறைந்துபோயிற்று. 'ஸ்திரீயே' என்ற பழஞ்சொல் செவிக்கு இன்னாததாயினும், அவ்விலக்கத்தை மறைக்காமல் காட்டி நின்றது.