பில் என்கிற பிரதி

அமெரிக்க மருத்துவமனைகள் என்றதும் 'லாபவெறி' என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிற பழக்கம் நமது விமர்சனத்துக்கு உண்டு. சொல் தப்பில்லை, ஆனால் போதாது. அங்குள்ள மருத்துவமனைகளில் பாதிக்கும் மேல் சட்டப்படி லாபநோக்கற்றவை. அவற்றின் எமர்ஜென்சி பில்லும் ஆளை உலுக்கத்தான் செய்கிறது. ஆகவே வெறியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பில்லையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்கிறேன்.

1986இல் ரீகன் ஆட்சியில் 'எம்டாலா' என்றொரு சட்டம் வந்தது. மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டில் பங்கேற்கும் எந்த மருத்துவமனையும் எமர்ஜென்சிக்கு வருகிறவரைக் காசில்லை என்று திருப்பியனுப்பக் கூடாது. பரிசோதித்து, ஆபத்து இருந்தால் உடல்நிலையைச் சீராக்கியாக வேண்டும். ஏழை நோயாளிகளை வண்டியிலேற்றி அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்ட நடைமுறைக்கு எதிராக வந்த சட்டம். பெரிய உரிமைதான், குறைத்துச் சொல்லமாட்டேன். சரி, கதவு திறந்தாச்சு. காசு? யார் தருவது என்று சட்டம் சொல்லவில்லை. பிறகு பில் அனுப்புவதற்கும் தடையில்லை. நோயாளியாக உள்ளே போகிற உடல் கடனாளியாக வெளியே வருவது இந்த மௌனத்தின் வழியாகத்தான்.

பில்லில் கனமான வரி பல சமயம் மருந்தும் அல்ல, மருத்துவரும் அல்ல. 'ஃபெசிலிட்டி ஃபீ' என்பார்கள்: அந்தப் பிரிவு இரவும் பகலும் விழித்திருப்பதற்கான கட்டணம். ஐந்து படிநிலைகள். எந்தப் படி என்பதைக் கோப்பைப் பார்த்துக் குறியீடு போடுகிறவர் தீர்மானிக்கிறார். நோயாளி அவரைக் கண்ணால் பார்ப்பதேயில்லை. மருத்துவருக்குத் தனி பில். 2021 முதல் விலைப்பட்டியலை வெளியிட வேண்டுமென்று விதி இருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர் ரெண்டு ஆஸ்பத்திரிப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டா வண்டி ஏறுவார்? சந்தைவாதிகளின் நகைச்சுவை உணர்வே தனி.

காப்பீட்டின் வலைக்கு வெளியே உள்ள மருத்துவர் பின்னாலேயே அனுப்பும் திடீர் பில்லை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுத்தது. ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்கும் அது பொருந்தும். சாலையில் ஓடுகிற ஆம்புலன்சை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2017இல் ஆந்தம் என்ற காப்பீட்டு நிறுவனம் சில மாநிலங்களில் ஒரு கொள்கையைத் தீவிரமாக்கியது: வந்தது எமர்ஜென்சி இல்லையென்று பிறகு தெரிந்தால் பணம் மறுக்கப்படலாம். நெஞ்சுவலி என்று ஓடுகிறார் ஒருவர். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து வாயுத் தொல்லை என்று தெரிகிறது. 'வாயுவுக்கு எதுக்கய்யா எமர்ஜென்சி?' இறுதி வரியைத் தெரிந்துகொண்டு முதல் பக்கத்தை வாசிக்கிற வாசிப்பு இது. இத்தனைக்கும் 2010ஆம் ஆண்டு ஒபாமா சட்டம் வேறு அளவுகோலைச் சொல்கிறது: விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதருக்கு அந்த அறிகுறி ஆபத்தாகத் தோன்றுமா என்பதே கேள்வி, கடைசியில் என்ன நோய் என்பதல்ல. அதாவது வலிப்பவரின் வாசிப்புக்குச் சட்ட அந்தஸ்து உண்டு. அதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே நடைமுறையில் பறிக்கிறார்கள். 2018இல் அவசர மருத்துவர்களின் சங்கமே ஆந்தம் மீது வழக்குப் போட்டது.

இங்கே ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவப் பார்வை எனக்குப் பற்றவில்லை. நோயாளியின் பேச்சை மருத்துவரின் கண் விழுங்கிவிடுகிறது என்றார் அவர். இங்கே மருத்துவரின் கண்ணையும் விழுங்குகிற ஒரு மேசை இருக்கிறது. அது உடலைப் பார்ப்பதில்லை, குறியீட்டைப் பார்க்கிறது. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. அந்த மேசைக்குப் பயந்து, ஈசிஜி எடுத்த பின்னால் மட்டுமே தெரியவரக்கூடிய ஒன்றை, ஈசிஜிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காக, நடுராத்திரியில் நெஞ்சைத் தடவியபடி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.